டீசல் டாங்கியில் தண்ணீர்

லிங்கராஜபுரத்திலும், அதை அடுத்த கம்மனஹள்ளி, பானஸ்வாடிப் பக்கங்களிலும் குடியேறி வாழும் நம்மவருள் லாரித் தொழிலை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் பல உண்டு. சிலர் சொந்த வண்டி உடையவர். சிலர் பிறர் வண்டியை ஓட்டுபவர். சிலர் பட்டறைகளில் கை கறுக்க உழைப்பவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டீசல் பம்புகளைப் பழுதுபார்க்கும் வேலையில் கழித்த நானும் அந்த மூன்றாம் வகையினன். அவ்வளவு காலத்தில் என் மேசைக்கு வந்து சேர்ந்த பம்புகளுள் உழைத்துத் தேய்ந்து கெட்டவை சிலவே. தண்ணீர் புகுந்து துருவேறிக் கெட்டவை பல. காக்கக்கூடியதைக் காவாமல் விட்டுவிட்டுப் பின்னர் மனைவியின் நகையை அடகு வைத்துப் புதுப்பித்த அன்பர்களை நேரில் கண்டிருக்கிறேன். ஆதலால், மழைக்காலத்தை முன்னிட்டு இதைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தேன். லாரி இல்லாத இல்லத்தார் பொறுத்தருள வேண்டும். டீசல் கார் வைத்திருப்போருக்கும் இதில் பயன்படும் செய்தி சில உண்டு.

முதலில் என் குடும்பத்திலேயே நடந்த ஒன்றைக் கூறிவிடுகிறேன்.

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம். விடாத மழையால் விளைச்சல் அழிந்து, சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்து விற்ற நாட்கள் அவை. என் மைத்துனன் கோலாரில் தக்காளி ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் புறப்பட்டான். வண்டி அவனுடையதுதான், பழைய வண்டியாக வாங்கியது, வங்கித் தவணை பாதிக்குமேல் பாக்கி. முளபாகலைத் தாண்டி, நங்கிலி எல்லையைக் கடந்து பலமனேர் நோக்கிச் செல்கையில் வண்டி நின்றது. இரவு இரண்டு மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது.

“மாமா, ஏற்றத்தில் இரண்டு முறை திணறியது. மூன்றாம் முறை நின்றேவிட்டது. பத்துத் தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன்” என்றான்.

“பதினோராம் தடவை செய்யாதே. சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்” என்றேன்.

நான் ஏன் அவ்வாறு சொன்னேன் என்பது பின்னர் விளங்கும். விடியலில் பேருந்து பிடித்துச் சென்று சேர்ந்தேன். அதற்குள் அவன் வேறொரு லாரியை வாடகைக்குப் பேசிச் சரக்கை மாற்றி அனுப்பியிருந்தான். அது அன்றைய சந்தை முடிந்த பின்னரே சென்னை சேர்ந்தது என்பதையும், வந்த விலை வாடகைக்குச் சரியாய்ப் போயிற்று என்பதையும் விரித்துரைக்க வேண்டியதில்லை. டாங்கியின் அடித்திருகைக் கழற்றி ஒரு வாளியில் பிடித்தேன். முதலில் வந்தது டீசல் அன்று. கலங்கிய செந்நிறத் தண்ணீர். ஏறக்குறைய மூன்று லிட்டர் வடிந்த பிறகே டீசல் வரத் தொடங்கிற்று. பம்பு தப்பவில்லை. இன்ஜெக்டர்கள் நான்கில் இரண்டும் தப்பவில்லை. அந்தச் செலவு அவனுடைய நான்கு மாதத் தவணையை விழுங்கியது.

அவனுக்கு உண்டான சினம் முழுதும் முந்திய நாள் டீசல் போட்ட பங்கின் மேல் திரும்பிற்று. திரும்பி வரும்போது அங்கே சென்று பெருஞ்சச்சரவு செய்தான். அங்கிருந்த மேலாளர் பொறுமைசாலி. ஓர் அளவுகோலின் நுனியில் தண்ணீரைக் கண்டால் நிறம் மாறும் பசையைத் தடவி, நிலத்தடித் தொட்டியில் இறக்கி எடுத்துக் காட்டினார். நிறம் மாறவில்லை. இடையே ஒரு நாள் கழிந்துவிட்டமையால் அதை மட்டும் முழுச்சான்றாகக் கொள்வதற்கில்லைதான். ஆனால் வண்டிக்குள் வேறொரு சான்று இருந்தது. ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில், வடிகட்டியில் நீர் சேர்ந்தால் எரிகின்ற மஞ்சள் விளக்கு ஒன்று உண்டல்லவா? அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. மாற்று ஓட்டுநனைக் கேட்டதில், “நான்கு நாட்களாய் எரிந்துகொண்டிருந்தது, ஒயரில் ஏதோ கோளாறு என்று எண்ணி மறைத்துவிட்டேன்” என்றான். அந்தப் பங்கில் டீசல் போட்டதற்கு மூன்று நாள் முன்னரே விளக்கு எரிந்திருக்கிறது! டாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளிருக்கவேண்டிய ரப்பர் வளையம் இல்லை. அதற்கு ஈடாக ஒரு பாலிதீன் பையை வைத்து மூடியைத் திருகியிருந்தார்கள். அத்தனை நாள் மழையும் அந்த வழியே சொட்டுச் சொட்டாய் இறங்கியிருக்கிறது.

நிற்க. தண்ணீர் புகுந்தால் டீசல் வண்டி ஏன் இவ்வளவு பெரிய கேட்டுக்கு உள்ளாகிறது என்பதை அறிந்துகொள்வது நலம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி உண்டு; டீசல் எஞ்சினில் அஃது இல்லை. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டில் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய அந்த எஞ்சினில், காற்றை மிகுதியாக அமுக்குவதால் உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆனால் அமுங்கி நிற்கும் காற்றுக்குள் எண்ணெயைத் தக்க கணத்தில், தக்க அளவில், பனிபோல் தூவவேண்டும். அந்தக் கருவியைச் செம்மையாகச் செய்வது நெடுநாள் அரிதாகவே இருந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் அத்தகைய பம்புகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் எஞ்சின் லாரிகளில் பரவிற்று.

இந்த வரலாற்றில் நம் பெங்களூருக்கும் இடம் உண்டு. 1951இல் தொடங்கப்பெற்ற மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, ஆடுகோடியில் பாஷ் முறைப்படி டீசல் பம்புகளையும் நாசில்களையும் செய்யத் தலைப்பட்டது. நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் அங்கே வேலைக்குப் போனவர்கள் உண்டு. 2008இல் அந்நிறுவனத்தின் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிற்று. ஆயினும் பழைய பட்டறைகளில் இன்றும் ‘மைகோ பம்பு’ என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லுவேன்.

அந்தப் பம்பினுள் உருளைக்கும் அதில் ஓடும் தண்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான் அளவே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் அந்த நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். இவ்வளவு நெருங்கி உராயும் உலோகங்களுக்கு வேறு மசகெண்ணெய் கிடையாது. அதன் வழியே ஓடும் டீசல்தான் மசகு. டீசலுக்குப் பதில் தண்ணீர் வந்தால் வழுவழுப்பு அற்றுப்போய் உலோகத்தோடு உலோகம் உராய்கிறது. வண்டி நின்றபின் அதே தண்ணீர் அங்கேயே தங்கித் துருவை உண்டாக்குகிறது. நாசிலின் சூடான முனையை அடைந்த நீர் திடீரென ஆவியாகி அதன் நுண்துளைகளைச் சிதைக்கவும் கூடும். மைத்துனனை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதே என்று தடுத்தது இதனால்தான். ஒவ்வொரு முயற்சியிலும் டாங்கியின் அடியிலுள்ள நீரைப் பம்புக்குள் இழுத்துக்கொண்டேயிருந்தான் அவன்.

பழைய வண்டிகள் ஓரளவு பொறுத்துக்கொண்டன. இப்போதைய ‘காமன் ரெயில்’ வண்டிகளில் எண்ணெயின் அழுத்தம் 1600 பார், 2000 பார் என்ற அளவில் நிற்கிறது. லாரிச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று எட்டுப் பார் அளவே என்பதை நினைத்தால் வேறுபாடு புலப்படும். இவ்வளவு அழுத்தத்தில் ஒரு சொட்டு நீரும் ஒரு துகள் மண்ணும் செய்யும் தீங்கு பன்மடங்காகும்.

இனி, நீர் எவ்வாறு வருகிறது? “பாதி டாங்கியோடு வண்டியை நிறுத்தினால் இரவில் காற்று வேர்த்துத் தண்ணீராகும்” என்று நம் ஓட்டுநர்கள் கூறுவர். அது மெய்யே, ஆனால் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் குறைவு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று மிகுதியாகக் கொள்ளக்கூடிய நீராவி 23 கிராம்; 15 டிகிரியில் 13 கிராம். மிஞ்சிய பத்துக் கிராம் நீராகிச் சுவரில் படியும். டாங்கியில் 150 லிட்டர் வெற்றிடம் இருந்தால், ஓர் ஈரமான இரவில் உண்டாகும் நீர் ஒன்றரைக் கிராம்தான். ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே ஒரே இரவில் வண்டி நின்றதற்கு இதைக் காரணமாகச் சொல்லுவது பொருந்தாது. ஆனால் நூறு இரவுகளில் அது ஒரு தம்ளர் ஆகிறது. டீசலைவிட நீர் கனமானது. எனவே அடியில் தங்குகிறது. எண்ணெயை உறிஞ்சும் குழாயோ அடியிலிருந்து சற்று உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும். அதனால் நீர் சேர்வதை யாரும் அறிவதில்லை. ஏற்றத்திலோ திடீர் பிரேக்கிலோ டாங்கி குலுங்கும்போது சேர்ந்ததெல்லாம் குழாய்க்குள் புகுந்துவிடுகிறது. மைத்துனனின் வண்டி சமவெளியில் ஓடிவிட்டு ஏற்றத்தில் திணறியதன் மர்மம் இதுதான்.

எண்ணெய்க்குள்ளேயே கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும் நீரும் உண்டு. அது மிகச் சிறிய அளவு. எஞ்சினைச் சுற்றிச் சூடாகி டாங்கிக்குத் திரும்பும் டீசல் சற்று அதிக நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். இரவில் குளிரும்போது அதை விட்டுவிடும். பெங்களூரின் குளிர்ந்த இரவுகள் நமக்கு இன்பந்தான். டாங்கிக்கு அவ்வளவு இன்பமில்லை.

பெருமளவில் வரும் நீர் மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று மேலே சொன்ன மூடி. மற்றொன்று கேன்களில் வாங்கி ஊற்றுவது: மழையில் திறந்து கிடந்த கேன், முந்திய நாள் தண்ணீர் எடுத்த கேன், இவற்றை நான் பார்க்காத நாளில்லை. மூன்றாவது, பங்குகளின் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் கசிவது. இது நடவாத ஒன்றன்று. 2025ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரில், அந்த மாநில முதலமைச்சரின் அணிவகுப்புக்குரிய பத்தொன்பது வண்டிகள் ஒரு பங்கில் டீசல் நிரப்பிக்கொண்டு சிறிது தொலைவில் வரிசையாக நின்றுவிட்டன. டாங்கிகளைத் திறந்து பார்த்தபோது டீசலோடு தண்ணீர் கலந்திருந்தது. மழைநீர் கசிந்திருக்கலாம் என்று கூறப்பட்டது. அதிகாரிகள் அந்தப் பங்குக்குப் பூட்டும் போட்டார்கள். முதலமைச்சரின் வண்டிக்கு உடனே அதிகாரிகள் வந்தார்கள். நம் வண்டி நின்றால் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நாம்தான் அலையவேண்டும். அதனால் எங்கே போட்டாலும் ரசீது வாங்குங்கள். டீசல் இறக்க வந்த டாங்கர் லாரி பங்கில் நிற்கக் கண்டால், அடியில் படிந்தது கலங்கியிருக்கும் என்று கருதி அடுத்த பங்குக்குப் போவது நன்று. பங்கில் அடர்த்தி அளந்து காட்டக் கேட்கும் உரிமை வாங்குவோர் அனைவருக்கும் உண்டு. ஆயினும் அது கலப்படத்தைக் காட்டுமேயன்றி, தொட்டியின் அடியில் தனியே தங்கியுள்ள நீரைக் காட்டாது. அதற்குரியது மேலாளர் தடவிக் காட்டிய அந்தப் பசைதான்.

பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகள் 2020 ஏப்ரலில் வந்தபின் புதியதொரு விபத்தும் சேர்ந்துகொண்டது. புகையைத் தூய்மையாக்க அவ்வண்டிகளில் பலவற்றில் யூரியாக் கரைசலுக்கென்று நீல மூடியோடு தனி டாங்கி உண்டு. அந்தக் கரைசலில் யூரியா 32.5 விழுக்காடு, மிகுதி முழுதும் தண்ணீர். தூக்கக் கலக்கத்தில் அதை டீசல் டாங்கியில் ஊற்றியவர்களை நான் அறிவேன். அவ்வாறு ஊற்றியது நினைவுக்கு வந்தால் சாவியைத் தொடாமல் டாங்கியை முழுதும் வடித்துக் கழுவவேண்டும். ஒரு கணம் ஓட்டிப் பார்த்துவிட்டாலும் செலவு ஏறிவிடும்.

நெடுநாள் நின்ற வண்டிகளில் வேறொரு தொல்லை. டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒருவகைப் பூஞ்சை வளர்கிறது. எண்ணெயை உண்டு நீரில் வாழும் அது கறுத்த பாசிபோல் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து லாரிகள் வாரக்கணக்கில் நின்றனவே, அதன்பின் எங்கள் பட்டறைக்கு வந்த வடிகட்டிகள் பலவற்றில் அந்தக் கறுப்புக் கூழைக் கண்டோம். நீர் இல்லையேல் அந்தப் பூஞ்சையும் இல்லை.

செய்யவேண்டியது என்ன? காலையில் எஞ்சினை இயக்குமுன், வடிகட்டியின் அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்துப் பார்க்கவேண்டும். இரவெல்லாம் அசையாமல் நின்ற வண்டியில் நீர் நன்றாக அடியில் தங்கியிருக்கும். ஓட்டியபின் பிடித்தால் கலங்கிவிடும். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் டீசலும் நீரும் இரு படலமாகத் தெரியும். தெளிந்த டீசல் வரும்வரை வடித்துத் திருகை மூடுக. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கிளீனர்ப் பையனிடம் விட்டுவிடாமல் வண்டிக்குரியவர் தம் கண்ணாலேயே அந்தப் புட்டியைப் பார்ப்பது நல்லது. டாங்கியின் அடித்திருகை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை திறந்து வடித்துவிடவேண்டும். வடித்ததைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்; பழைய எஞ்சின் ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.

மாலையிலேயே டாங்கியை நிரப்பி நிறுத்துக என்று நூல்களில் எழுதியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஹெண்ணூர்ச் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டில் உறங்குகிற நம்மவருக்கு டீசல் திருடர்களைப் பற்றி நூலாசிரியர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விலை வேறுபடுவதால், மலிவான எல்லை வரும்வரை டாங்கியைக் காயவிட்டு ஓட்டும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அதை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கையில் உள்ள பணம் அவ்வளவுதான். காவலுள்ள இடத்தில் நிறுத்துவோர் நிரப்புக. ஏனையோர் காலையில் தவறாமல் வடிக்குக.

வடிகட்டி மாற்றுவதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். காற்று எடுக்கும் சிரமத்தைக் குறைக்க, புதிய வடிகட்டியில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிப் பொருத்துவது நம் பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். நானே இளமையில் அப்படித்தான் செய்தேன். அவ்வாறு நடுத்துளை வழியே ஊற்றும் எண்ணெய் வடியாமலேயே தூய பக்கத்தில் சேர்ந்து, அதிலுள்ள அழுக்கு நேரே பம்புக்குப் போகிறது. அதற்கு மாறாக, வெற்று வடிகட்டியைப் பொருத்திவிட்டுக் கைப்பம்பை அடித்து நிரப்பவேண்டும். கை சற்று நோகும், அவ்வளவே. சுற்றிலும் உள்ள மண்ணை முதலில் துடைத்தபின் கழற்றவேண்டும். துடைப்பதற்கு நூற்கழிவு வேண்டா. அதன் இழைகளே அடைப்பாகும். நூல் பிரியாத துணி போதும்.

இதனினும் இன்றியமையாதது ஒன்று. பழைய வண்டிகளில் காற்று எடுப்பதற்கு எஞ்சின் சுழலும்போதே இன்ஜெக்டர்க் குழாயின் நட்டைத் தளர்த்துவோம். காமன் ரெயில் வண்டியில் அதை ஒருபோதும் செய்யலாகாது. 1600 பார் அழுத்தத்தில் பீறிடும் டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பதும் அதே ஆபத்துத்தான். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கவேண்டும். தோலில் டீசல் பாய்ந்துவிட்டால் காயம் எறும்புக் கடியளவே தோன்றும். வலியும் முதலில் இராது. அதை நம்பி வீட்டுக்குப் போகாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, அதிக அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

மைத்துனன் இப்போது ஓட்டுநர் இருக்கையின் பின்னால் ஒரு கண்ணாடிப் புட்டி வைத்திருக்கிறான். டாங்கி மூடிக்கான ரப்பர் வளையம் உதிரிப்பாகக் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. பழைய மூடியைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து, இரண்டாக வாங்கி ஒன்றைக் கருவிப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.